பெயர் தெரிந்தால் கவிதை புரியுமா?

ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில், சீசரின் உடலருகே நின்று ஆண்டனி ஆற்றும் உரை பல நாட்டுப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகப் பாடமாக இருந்துவருகிறது. கொலையில் பங்கேற்ற புரூட்டஸை ஒரே புகழ்ச்சொல்லால் ஆண்டனி திரும்பத் திரும்பக் குறிப்பிடுகிறான். ஒவ்வொரு முறையும் அந்தப் புகழ் தேய்கிறது. கடைசியில் அதுவே குற்றச்சாட்டாகிவிடுகிறது. இதைப் படிக்கும் ஒரு மாணவி 'இது ஐரனி' (முரண்நகை) என்று எழுதி மதிப்பெண் பெறுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். இன்னொருத்திக்கு அந்தச் சொல் தெரியாது. ஆனால் கூட்டத்தின் மனம் எந்த வரியில் தடுமாறியது, எந்த வரியில் திரும்பியது என்று அவளால் காட்ட முடிகிறது. இருவரில் பாடத்தை அடைந்தவள் யார்?

சொல்வளத்திலும் இதே சிக்கல் இருக்கிறது. 'ரோமியோ அண்ட் ஜூலியட்' நாடகத்தின் மாடக் காட்சியில் ஜூலியட் சொல்லும் 'வேர்ஃபோர்' என்ற பழஞ்சொல்லுக்கு 'ஏன்' என்று பொருள். அதை 'எங்கே' என்று எடுத்துக்கொள்ளும் மாணவர், காதலனைத் தேடும் பெண்ணை அங்கே காண்கிறார். பகைக் குடும்பத்தின் பெயரை அவன் ஏன் சுமக்கிறான் என்று அவள் வருந்துவது அவர் கண்ணில் படுவதில்லை. ஒரு சொல் தெரியாததால் ஒரு காட்சியே வேறாகிவிடுகிறது. அதற்காக ஆண்டு முழுவதும் சொற்பட்டியலை மனப்பாடம் செய்தவர் நாடகத்தைப் புரிந்துகொள்வார் என்று சொல்லிவிடவும் முடியாது.

இலக்கியக் கலைச்சொற்கள் பற்றி விமர்சகர்கள் வாதிட்டிருக்கிறார்கள்; சொல்வளம் பற்றி உளவியலாளர்கள் அளந்திருக்கிறார்கள். இரு தரப்பும் ஒருவரையொருவர் அதிகம் படித்ததாகத் தெரியவில்லை. ஆனால் உயர்நிலைப் பள்ளி ஆங்கில ஆசிரியருக்கு இவை இரண்டும் ஒரே பாடவேளையின் வேலைகள். அதனால் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது: பெயர்களையும் பொருள்களையும் கற்பிப்பது வாசிப்பை எந்த அளவுக்கு வளர்க்கிறது?

எழுதுவதற்காகப் பிறந்த பட்டியல்

சொல்லணிகளின் பெயர்ப்பட்டியல் கிரேக்க, ரோமானிய உலகிலிருந்து வந்தது. அரிஸ்டாட்டில் 'பொயட்டிக்ஸ்' நூலில் உருவகத்தை வகைப்படுத்தினார். ஆனால் உருவகத்தைக் கையாளும் திறன் பிறரிடமிருந்து கற்கக்கூடியதல்ல, இயல்பான மேதைமையின் அடையாளம் என்றும் அதே நூலில் சொன்னார். கற்பிக்க முடியுமா என்ற ஐயம் இந்தத் துறையின் தொடக்க நூலிலேயே இருக்கிறது. கி.மு. முதல் நூற்றாண்டின் 'ரெடோரிகா அட் ஹெரேனியம்', கி.பி. முதல் நூற்றாண்டில் குவிண்டிலியன் எழுதிய பெருநூல் ஆகியவை அணிகளை விரிவாகப் பட்டியலிட்டு, பின்வந்த ஐரோப்பியப் பள்ளிகளுக்கு அடித்தளம் அமைத்தன.

மறுமலர்ச்சிக் கால இங்கிலாந்தில் இந்தப் பட்டியல் உச்சத்தை எட்டியது. ஹென்றி பீச்சமின் 'தி கார்டன் ஆஃப் எலக்வென்ஸ்' 1577இல் வெளிவந்தது. ஜார்ஜ் புட்டன்ஹாமின் நூலாகக் கருதப்படும் 'தி ஆர்ட் ஆஃப் இங்கிலிஷ் பொயசி' 1589இல் வந்தது. கிரேக்கப் பெயர்களுக்கு ஆங்கிலத்திலேயே புதுப் பெயர் சூட்டிப் பார்த்த நூல் அது. ஷேக்ஸ்பியர் இத்தகைய பயிற்சியில் ஊறியவர் என்பதை டி. டபிள்யூ. பால்ட்வின் 1944இலும் சிஸ்டர் மிரியம் ஜோசப் 1947இலும் விரிவாக எடுத்துக்காட்டினார்கள்.

அன்றைய பள்ளிகளில் அணியின் பெயரைக் கற்றது எழுதுவதற்காக. எராஸ்மஸின் 'டி கோப்பியா' 1512இல் வெளிவந்தது. நண்பரின் கடிதம் மகிழ்ச்சி தந்தது என்ற ஒரே செய்தியை அது நூற்றுக்கும் மேற்பட்ட விதங்களில் எழுதிக் காட்டுகிறது. மாணவர் லத்தீன் பகுதியில் அணியைக் கண்டுபிடிப்பார், பெயரிடுவார், பிறகு தானே அப்படி ஒரு வாக்கியம் எழுதுவார். பெயரிடுவது இந்த மூன்று படிகளில் நடுப்படி மட்டுமே.

இந்த மரபின் பலவீனத்தை அதன் காலத்தவரே கண்டார்கள். பதினேழாம் நூற்றாண்டில் சாமுவேல் பட்லர் 'ஹூடிப்ராஸ்' என்ற நையாண்டிக் காவியத்தில், அணி வல்லுநர்களின் விதிகள் கருவிகளுக்குப் பெயர் சொல்லித் தருவதோடு நின்றுவிடுகின்றன என்ற பொருளில் சாடினார். இந்தப் பயிற்சிதான் எலிசபெத் காலக் கவிதையை உருவாக்கியது என்ற முடிவுக்கும் எளிதில் போக முடியாது. அதே பாடத்தைப் படித்த பெரும்பாலோர் கவிஞர்கள் ஆகவில்லை. பயிற்சி மேதைமைக்குத் தடையாக இருக்கவில்லை என்ற அளவில் சொல்லலாம்.

எழுதுவதிலிருந்து கண்டுபிடிப்பதற்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கப் பள்ளிகளில் ஆங்கிலப் பாடம் வேறு உருவம் எடுத்தது. 1870களில் ஹார்வர்டு, குறிப்பிட்ட இலக்கியப் படைப்புகளை ஒட்டிக் கட்டுரை எழுதுவதை நுழைவுத்தேர்வில் சேர்த்தது. ஹார்வர்டு தலைவர் சார்லஸ் எலியட் தலைமையில் 1892இல் அமைந்த பத்துப்பேர் குழு, உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலத்துக்கு மைய இடம் தந்தது. கல்லூரிகள் விதித்த நூற்பட்டியல் பள்ளிப் பாடத்தையே தீர்மானித்ததை எதிர்த்த ஆசிரியர்கள் 1911இல் ஆங்கில ஆசிரியர் தேசியக் குழுமத்தைத் தொடங்கினார்கள். இந்தக் காலகட்டத்தில்தான் இலக்கியம் படித்து விளக்கும் பொருளாக மாறியது. அணிகளின் பெயர்களும் எழுதும் பயிற்சியிலிருந்து பிரிந்து, பிறர் எழுதியதில் தேடிக் கண்டுபிடிக்கும் அடையாளங்களாகத் தொடங்கின.

அந்தத் தேடலுக்கு ஓர் ஒழுங்கைத் தந்தது புதுத் திறனாய்வு. கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ், கவிஞர் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து எழுதச் சொன்னார். நன்கு படித்த இளைஞர்கள்கூட நேர்ப்பொருளையே தவறவிட்டதை 1929இல் வெளியான 'பிராக்டிகல் கிரிட்டிசிசம்' நூலில் பதிவுசெய்தார். கிளியந்த் புரூக்ஸும் ராபர்ட் பென் வாரனும் 1938இல் வெளியிட்ட 'அண்டர்ஸ்டாண்டிங் பொயட்ரி', பிரதியை நெருங்கி வாசிக்கும் முறையைக் கல்லூரி வகுப்புகளில் பரப்பியது. லாரன்ஸ் பெர்ரைனின் 'சவுண்ட் அண்ட் சென்ஸ்' 1956இலும் எம். ஹெச். ஏப்ரம்ஸின் இலக்கியக் கலைச்சொல் அகராதி 1957இலும் வந்தன. தொனி, படிமம், குறியீடு, முரண்நகை ஆகியவை வகுப்பறையின் அன்றாடச் சொற்களாயின.

இந்த முறையின் வலிமையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. லத்தீன் படித்திராத, வீட்டில் நூலகம் இல்லாத மாணவரும் ஒரு கவிதையின் முன் உட்கார்ந்து அதைப் பற்றிப் பேச அது வழி திறந்தது. கண்ணெதிரே உள்ள பிரதியே சான்று. குடும்பப் பின்னணி சான்றாகாது. ஆனால் பாடநூல்களும் தேர்வுகளும் இதைச் சுருக்கின. கவிதையைச் சாரமாகப் பிழிந்து சொல்வது அதன் பொருளாகாது என்று புரூக்ஸ் 1947இல் 'தி வெல் ராட் அர்ன்' நூலில் வாதிட்டார். அவருடைய முறையின் பெயரால் நடந்த வகுப்புகள் பலவற்றில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு பெயர்ச்சீட்டு ஒட்டுவது பயிற்சியாகிவிட்டது.

வாசகரின் பக்கம் நின்றவர்கள்

'அண்டர்ஸ்டாண்டிங் பொயட்ரி' வெளிவந்த அதே 1938இல் லூயிஸ் ரோசன்பிளாட்டின் 'லிட்டரேச்சர் ஆஸ் எக்ஸ்ப்ளொரேஷன்' வெளிவந்தது. பிரதியும் வாசகரும் சந்திக்கும் இடத்தில்தான் கவிதை நிகழ்கிறது என்பது அவர் நிலைப்பாடு. பின்னர் 1978இல் அவர் இருவகை வாசிப்பைப் பிரித்துக் காட்டினார். ஒன்று, தகவலை எடுத்துக்கொண்டு போவதற்கான வாசிப்பு. மற்றொன்று, வாசிக்கும் நேரத்திலேயே வாழ்ந்து பார்க்கும் வாசிப்பு. ஒரு கவிதையில் உவமை எத்தனை என்று எண்ணச் சொல்லும் வினா, இலக்கியத்தை முதல் வகைக்குத் தள்ளிவிடுகிறது என்பதே இந்தத் தரப்பின் முதன்மையான குற்றச்சாட்டு.

1966இல் டார்ட்மவுத் கல்லூரியில் அமெரிக்க, பிரிட்டிஷ் ஆங்கிலக் கல்வியாளர்கள் கூடிய கருத்தரங்கு இந்தப் போக்குக்கு வலுச் சேர்த்தது. அதை ஒட்டி ஜான் டிக்ஸன் 1967இல் எழுதிய 'குரோத் த்ரூ இங்கிலிஷ்', மாணவரின் மொழியனுபவத்தின் வளர்ச்சியை மையத்தில் வைத்தது. கலைச்சொல் பின்னுக்குப் போனது.

இதற்கு எழுந்த மறுப்புகளில் கூர்மையானது லிசா டெல்பிட்டுடையது. 1988இல் எழுதிய கட்டுரையில், கல்விச் சமூகத்தில் செல்லுபடியாகும் விதிகளை வெளிப்படையாகச் சொல்லித்தராமல் விடுவது, அவற்றை வீட்டிலேயே பெற்ற பிள்ளைகளுக்குத்தான் சாதகம் என்று அவர் வாதிட்டார். அவருடைய அக்கறை கறுப்பின மாணவர்கள், ஏழை மாணவர்கள் பற்றியது. கலைச்சொல்லுக்கும் இது பொருந்தும். கவிதை பற்றிப் பேசும் மொழி யாருக்கும் இயற்கையாக வருவதில்லை. புத்தகம் நிறைந்த வீட்டில் அது காதில் விழுகிறது, மற்ற வீடுகளில் விழுவதில்லை. பள்ளியும் சொல்லித்தராவிட்டால் அது பரம்பரைச் சொத்தாகவே தொடரும்.

ரோசன்பிளாட் எந்த வாசிப்பும் சரி என்று சொன்னவர் அல்லர். பிரதி வாசகரைக் கட்டுப்படுத்துகிறது என்பதை அவர் வலியுறுத்தினார். ஆகவே இவ்விரு தரப்புகளும் எதிர்முனைகள் என்று பாடநூல்கள் சித்திரிக்கும் அளவுக்கு விலகியிருக்கவில்லை. தகராறு பெரும்பாலும் வரிசை பற்றியது: முதலில் அனுபவமா, முதலில் பெயரா?

சொல்: பட்டியலிலா, புத்தகத்திலா?

சொல்வளக் கல்வியின் நவீன வரலாறு எண்ணிக்கையில் தொடங்குகிறது. எட்வர்டு தார்ண்டைக் 1921இல் ஆசிரியர்களுக்காகப் பத்தாயிரம் ஆங்கிலச் சொற்களை அவை வரும் அடர்த்தியின்படி தொகுத்தார். சி. கே. ஆக்டன் 1930இல் 850 சொற்கள் கொண்ட 'பேசிக் இங்கிலிஷ்' திட்டத்தை முன்வைத்தார். அதைப் பரப்பியவர்களில் முதன்மையானவர் கவிதை வாசிப்பை ஆராய்ந்த அதே ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முதல்வராக இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்க மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் முதலில் தேவை வாசிப்புத் திறனே என்று கண்டு, அரிய சொற்களைக் குறைத்து, புதிய சொற்களை இடைவெளிவிட்டு அறிமுகப்படுத்தும் பாடநூல்களை எழுதினார். சுமார் 2,000 சொற்கள் கொண்ட அவருடைய பொதுப்பயன்பாட்டுச் சொற்பட்டியல் 1953இல் வெளியானது.

இன்னொரு பக்கம், சொல் என்பது முன்னேற்றத்தின் ஏணி என்ற நம்பிக்கை சந்தையில் வளர்ந்தது. நார்மன் லூயிஸின் 'வேர்டு பவர் மேட் ஈஸி' 1949இல் வந்தது. சென்னையின் நடைபாதைக் கடைகளிலும் போட்டித் தேர்வுப் பயிற்சி மையங்களிலும் இன்றும் அது விற்கிறது.

பட்டியல் நம்பிக்கையைக் கடுமையாகச் சோதித்தது வில்லியம் நாகியும் ரிச்சர்டு ஆண்டர்சனும் 1984இல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவில் மூன்றாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலான அச்சுப் பிரதிகளில் சுமார் 88,500 சொற்குடும்பங்கள் இருப்பதாக அவர்கள் மதிப்பிட்டார்கள். பள்ளி மாணவரின் சொல்வளம் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 சொற்கள் வளர்கிறது என்பது நாகியும் பாட்ரீஷியா ஹெர்மனும் 1987இல் தந்த கணக்கு. வகுப்பில் நேரடியாகக் கற்பிக்கக்கூடியவை சில நூறு மட்டுமே. மிச்சம் வாசிப்பிலிருந்தும் பேச்சிலிருந்தும்தான் வந்திருக்க வேண்டும்.

ஆனால் வாசிப்பு தானாகவே எல்லாவற்றையும் செய்துவிடும் என்றும் சொல்ல முடியவில்லை. ஸ்வான்போர்னும் டி குளோப்பரும் 1999இல் செய்த தொகுப்பாய்வின்படி, இயல்பாக வாசிக்கும்போது எதிர்ப்படும் புதிய சொற்களில் சுமார் 15 விழுக்காடே மனத்தில் தங்குகிறது. நிறைய வாசிப்பவருக்கு இந்தச் சிறு பங்கு பெருந்தொகையாகச் சேரும். வாசிக்கச் சிரமப்படுபவர் குறைவாக வாசிப்பார். குறைவான சொற்களைப் பெறுவார். அதனால் இன்னும் குறைவாக வாசிப்பார். இருப்பவருக்கே மேலும் சேரும் இந்தச் சுழலை கீத் ஸ்டானோவிச் 1986இல் விவரித்தார்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியை இசபெல் பெக், மார்கரெட் மெக்கவுன், லிண்டா குகன் ஆகியோர் 2002இல் வகுத்தார்கள். அன்றாடப் பேச்சில் தானாக வரும் சொற்கள் முதல் அடுக்கு. ஒரு துறைக்கே உரியவை மூன்றாம் அடுக்கு. பல பாடங்களிலும் எழுத்து நடையிலும் வந்துகொண்டே இருக்கும், ஆனால் பேச்சில் அரிதான சொற்கள் இரண்டாம் அடுக்கு. கற்பிக்கும் உழைப்பை இந்த இரண்டாம் அடுக்கில் செலுத்துங்கள் என்றார்கள். அமெரிக்கப் பள்ளிகளுக்காக 2010இல் வந்த 'காமன் கோர்' தரநிலைகள் இந்த அடுக்குமுறையை எடுத்துக்கொண்டன. இதன்படி பார்த்தால் 'உருவகம்', 'முரண்நகை' போன்ற இலக்கியக் கலைச்சொற்கள் மூன்றாம் அடுக்கைச் சேர்ந்தவை. அவற்றுக்குத் தனி நியாயம் தேவைப்படுகிறது.

அளவீடுகள் காட்டுவது

சொல் கற்பிப்பது வாசிப்புப் புரிதலை உயர்த்துகிறதா? இங்கே ஓரளவு தெளிவான சான்று இருக்கிறது. ஸ்டாலும் ஃபேர்பேங்க்ஸும் 1986இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், கற்பித்த சொற்களே இடம்பெற்ற பகுதியைப் படிக்கும்போது புரிதல் ஏறத்தாழ ஒரு திட்டவிலக்கம் உயர்ந்தது. பொதுவான பகுதிகளில் அந்த உயர்வு 0.30 அளவுக்கு இறங்கியது. எல்லமனும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் செய்த ஆய்வில் இடைவெளி இன்னும் விரிந்தது: ஆய்வாளர் தயாரித்த சோதனைகளில் 0.50, பொதுத்தரத் தேர்வுகளில் 0.10. டேன்யா ரைட்டும் ஜினா செர்வெட்டியும் 2017இல் செய்த மதிப்பாய்வும், பொருள் சொல்லித்தருவது அந்தச் சொற்கள் உள்ள பிரதிக்கு உதவுகிறது, பொதுப் புரிதலை உயர்த்துகிறது என்பதற்குச் சான்று குறைவு என்ற திசையிலேயே முடிந்தது.

இந்த எண்களை ஏமாற்றம் என்று மட்டும் படிக்க வேண்டியதில்லை. எல்லமன் குழுவின் ஆய்வில், வாசிப்பில் சிரமம் உள்ள மாணவர்கள் புரிதல் சோதனைகளில் மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கும் மேல் பயன்பெற்றார்கள். மேலும் இலக்கிய வகுப்பின் நோக்கம் பெரும்பாலும் குறிப்பிட்ட ஒரு நாவலையோ நாடகத்தையோ படிப்பது. 'தி கிரேட் கேட்ஸ்பி' படிக்கும் வாரங்களில் அந்த நாவலின் திறவுகோல் சொற்களைக் கற்பிப்பதால் அந்த நாவல் புரிகிறது என்றால், ஆசிரியருக்கு அது சிறிய பயனல்ல. பிழை எங்கே நேர்கிறது என்றால், நாவலோடு தொடர்பில்லாத வாராந்தரப் பட்டியலைக் கொடுத்துவிட்டுப் பொதுப் புரிதல் உயரும் என்று எதிர்பார்ப்பதில்.

சொல்லுக்குப் பின்னால் அறிவு இருக்கிறது என்று வாதிடும் தரப்பும் உண்டு. ஈ. டி. ஹர்ஷ் 1987இல் 'கல்ச்சுரல் லிட்டரசி' நூலில், எழுத்தாளர்கள் வாசகருக்குத் தெரியும் என்று கருதி விட்டுவிடும் பொது அறிவே புரிதலைத் தீர்மானிக்கிறது என்றார். ரெக்ட், லெஸ்லி ஆகியோரின் 1988ஆம் ஆண்டு சோதனை இதற்கு அடிக்கடி காட்டப்படும் சான்று. பேஸ்பால் ஆட்டத்தை விவரிக்கும் பகுதியை 64 மாணவர்களிடம் கொடுத்தபோது, வாசிப்புத் திறன் குறைந்தும் ஆட்டம் தெரிந்தவர்கள், வாசிப்புத் திறன் மிகுந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட நன்றாக நினைவுகூர்ந்தார்கள். எல்லோரும் அறிந்திருக்க வேண்டியவை என்று ஹர்ஷ் அந்த நூலில் தந்த பட்டியலில் யாருடைய பண்பாடு இடம்பெறுகிறது என்ற விமர்சனம் இன்றுவரை ஓயவில்லை. அந்த விமர்சனம் பட்டியலின் உள்ளடக்கம் பற்றியது. அறிவு வாசிப்புக்கு உதவுகிறது என்ற அடிப்படைக் கூற்றை அது தொடவில்லை.

கலைச்சொற்களுக்கு உள்ள சான்று

சொல்வளத்துக்கு இருப்பதுபோன்ற பெரிய தொகுப்பாய்வுகளோடு ஒப்பிட்டால் இலக்கியக் கலைச்சொற்களுக்கான சான்று மெலிந்தது. ஆனால் கிடைக்கும் சில ஆய்வுகள் ஒரே பக்கம் கை காட்டுகின்றன.

டொராண்டோவில் ஜோன் பெஸ்கின் 1998இல் வெளியிட்ட ஆய்வு, இலக்கியத்தில் முனைவர் பட்டப் படிப்பில் இருந்தவர்களையும் புதியவர்களையும் கடினமான கவிதைகளைச் சத்தமாகச் சிந்தித்தபடி வாசிக்கச் சொன்னது. தேர்ந்தவர்கள் கவிதையின் வகை, மரபு, அமைப்பு பற்றிய அறிவைக் கொண்டு எதை எதிர்பார்ப்பது, எங்கே நின்று யோசிப்பது என்று முடிவு செய்தார்கள். புதியவர்களிடம் அந்தக் கைப்பிடி இல்லை. கலைச்சொல்லறிவு பயனுள்ளது என்பதற்கு இது ஆதரவு. ஆனால் தேர்ந்தவர்களுக்கு அந்த அறிவு பெயர்களிலிருந்து வந்ததா, பல ஆண்டு வாசிப்பிலிருந்து வந்ததா என்று இத்தகைய ஒப்பீட்டால் பிரித்துச் சொல்ல முடியாது. எடுத்துக்கொண்டவர்களின் எண்ணிக்கையும் சிறியது.

கேரல் லீயின் 1993ஆம் ஆண்டு நூல் விவாதத்தின் போக்கையே மாற்றியது எனலாம். ஆப்பிரிக்க-அமெரிக்க இளைஞர்களின் பேச்சில் 'சிக்னிஃபையிங்' என்றொரு வழக்கம் உண்டு. குத்தலும் இரட்டைப் பொருளும் உருவகமும் கலந்து ஒருவரையொருவர் வாயடைக்கவைக்கும் சொல்விளையாட்டு அது. அந்த உரையாடல்களையே வகுப்பில் வைத்து, சொன்னது எது, உணர்த்தியது எது, அதை எப்படிக் கண்டுகொண்டோம் என்று மாணவர்களைக் கொண்டே விதிகளை வருவித்தார் லீ. பிறகு ஸோரா நீல் ஹர்ஸ்டனின் 'தேர் ஐஸ் வேர் வாட்சிங் காட்', ஆலிஸ் வாக்கரின் 'தி கலர் பர்ப்பிள்' நாவல்களுக்குச் சென்றார்கள். இந்த வகுப்புகள் வழக்கமான முறையில் படித்த வகுப்புகளைவிட அதிக முன்னேற்றம் கண்டன. முரண்நகையை அந்த மாணவர்கள் முன்பே கையாண்டுகொண்டிருந்தார்கள். தாங்கள் செய்வதை எடுத்துப் பார்க்கப் பெயர் உதவியது.

சாரா லெவீன் 2014இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் எளிய கருவியைச் சோதித்தது. உணர்ச்சியேற்றம் கொண்ட சொற்களை மாணவர்கள் அடையாளம் காண வேண்டும். அவை நல்லுணர்வா, தீயுணர்வா, கலவையா என்று சொல்ல வேண்டும். ஏன் என்று விளக்க வேண்டும். சில வாரப் பயிற்சிக்குப் பிறகு நகர்ப்புற உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் கதையைச் சுருக்கிச் சொல்வதிலிருந்து பொருள்கொள்வதற்கு நகர்ந்தார்கள். இங்கே கலைச்சொல் ஏறத்தாழ தேவைப்படவே இல்லை.

இங்கிலாந்தில் டெப்ரா மைஹில் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வு அண்டைத் துறையைச் சேர்ந்தது. 31 பள்ளிகளில் 744 மாணவர்களிடம், இலக்கணக் கலைச்சொற்களை அவை எழுத்தில் செய்யும் வேலையோடு இணைத்துக் கற்பித்தபோது எழுத்து முன்னேறியது. ஆனால் பயன் ஏற்கெனவே நன்றாக எழுதுவோருக்கே அதிகம் கிடைத்தது. டெல்பிட்டின் நம்பிக்கைக்கு இது ஓர் எச்சரிக்கை: வெளிப்படையாகக் கற்பிப்பதும் எல்லோரையும் சமமாகத் தொடுவதில்லை.

தேர்வு இழுக்கும் திசை

கோட்பாடு எதுவானாலும், வகுப்பு எதைப் பயிலும் என்பதைத் தேர்வே பெரிதும் முடிவுசெய்கிறது. அமெரிக்கக் கல்லூரி நுழைவுக்கான 'எஸ்ஏடி' தேர்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எதிர்ச்சொல் வினாக்கள் 1994இல் நீங்கின. ஒப்புமை வினாக்கள் 2005இல். கோடிட்ட இடம் நிரப்பும் சொல் வினாக்கள் 2016இல். ஒவ்வொரு மாற்றமும் சொல்லைத் தனித்துக் கேட்பதிலிருந்து பகுதிக்குள் வைத்துக் கேட்பதற்கு நகர்ந்தது. அரிய சொற்களை அட்டைகளில் எழுதி மனப்பாடம் செய்வதன் தேர்வுப் பயன் குறைந்தது.

கலைச்சொல்லிலும் தேர்வு வாரியங்கள் இதே பாதையில் போக முயன்றிருக்கின்றன. உயர்நிலைப் பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் எழுதும் 'ஏபி' இலக்கியத் தேர்வு, 2019இல் திருத்தப்பட்டபின், ஓர் அணி படைப்பில் என்ன செய்கிறது என்பதையே கேட்கிறது. கட்டுரைக்கான ஆறு மதிப்பெண்களில் நான்கு சான்றுக்கும் அதன் விளக்கத்துக்கும் உரியவை. இங்கிலாந்தின் 'ஜிசிஎஸ்இ' தேர்வு, மொழி, வடிவம், அமைப்பு ஆகியவை உருவாக்கும் பொருளையும் விளைவையும் ஆராயச் சொல்கிறது. கலைச்சொல்லைப் பொருத்தமான இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது. ஆனாலும் அணியைக் குறிப்பிட்டுவிட்டு விளைவைச் சொல்லாமல் விடும் விடைகளைப் பற்றி அங்கே ஆசிரியர்களும் தேர்வாளர்களும் தொடர்ந்து எச்சரித்துவருகிறார்கள். காரணம் புரிந்துகொள்ளத் தக்கது. பெயரைத் திருத்துவது எளிது, சரியா தவறா என்று உடனே சொல்லிவிடலாம். விளைவைப் பற்றிய விடையைத் திருத்த நேரமும் தேர்ச்சியும் வேண்டும். பெரும் எண்ணிக்கையில் தாள்களைத் திருத்தும் எந்த அமைப்பும் எளிதானதை நோக்கியே சரியும்.

ஆங்கிலம் இரண்டாம் மொழியாகும்போது

மேலே சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை ஆங்கிலச் சூழலில் வளர்ந்த மாணவர்களைப் பற்றியவை. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்போருக்குக் கணக்கு வேறு. பால் நேஷன் 2006இல் காட்டியபடி, ஆங்கில நாவலையோ செய்தித்தாளையோ துணையின்றிப் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவைப்படுகின்றன. ஐம்பது சொல்லுக்கு ஒன்றுதான் தெரியாமல் இருக்கலாம் என்ற அளவுகோலில் அமைந்த மதிப்பீடு இது. அந்த அளவுகோலே சிறிய சோதனை ஒன்றிலிருந்து வந்தது என்பதால் இதைத் துல்லியமான எல்லையாகக் கொள்ள வேண்டாம். ஆனால் தூரம் பெரியது என்பதில் ஐயமில்லை. சூழலிலிருந்து சொல்லை ஊகிக்க வேண்டுமானால் சூழல் புரிய வேண்டும். பக்கத்துக்கு முப்பது சொல் தெரியாதவருக்கு ஊகிக்க ஏதும் மிஞ்சாது. இங்கே பட்டியலுக்கு வலுவான நியாயம் இருக்கிறது.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இந்தக் கேள்வி நேரடியாகவே எழுகிறது. ஆங்கிலக் கவிதைப் பாடத்தை அடுத்துச் சொல்லணியைக் கண்டறியும் பயிற்சி வருகிறது. பொதுத்தேர்விலும் வரியைக் கொடுத்து அணியின் பெயர் கேட்கும் வினா உண்டு. வரிக்கு எதிரே பெயரை அச்சிட்ட கைடுகளைக் கொண்டு இதை மனப்பாடமாகவே முடித்துவிட முடியும். அதே மாணவர் தமிழ் வகுப்பில் உவமை, உருவகம், தற்குறிப்பேற்றம் ஆகியவற்றைப் படிக்கிறார். தொல்காப்பியத்தின் உவமவியலும், முப்பத்தைந்து பொருளணிகளை வகுத்த தண்டியலங்காரமும் பின்னால் நிற்கும் மரபு அது. லீ தன் வகுப்புகளில் செய்ததைப்போல, ஒரு மொழியில் உள்ள அணியறிவை இன்னொரு மொழியின் கவிதைக்குக் கொண்டுசெல்ல இங்கே நல்ல வாய்ப்பு இருக்கிறது. தற்குறிப்பேற்றத்தையும் ஆங்கிலத்தின் 'பர்சானிஃபிகேஷ'னையும் அருகருகே வைத்து, எங்கே ஒன்றுகின்றன, எங்கே பிரிகின்றன என்று கேட்டாலே வகுப்பு பேசத் தொடங்கும். இரண்டு பாடவேளைகளும் பெரும்பாலும் ஒன்றையொன்று அறியாமலே நடக்கின்றன.

எவை இன்னும் திறந்திருக்கின்றன

இதுவரையிலான சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால் சில முடிவுகளை மிதமான நம்பிக்கையோடு சொல்லலாம். படிக்கவிருக்கும் படைப்பின் சொற்களைக் கற்பிப்பது அந்தப் படைப்பைப் புரிந்துகொள்ள உதவுகிறது. தொடர்பற்ற பட்டியல் பொதுப் புரிதலை உயர்த்துவது குறைவு. அடித்தளச் சொல்வளமே இல்லாத இரண்டாம் மொழி மாணவருக்கு மட்டும் அதன் மதிப்பு கூடுகிறது. இலக்கியக் கலைச்சொல், மாணவர் முன்பே உணர்ந்த ஒன்றுக்குப் பெயராக வரும்போதும், எழுதவோ விளக்கவோ உடனே பயன்படும்போதும் பலன் தருவதாகத் தோன்றுகிறது. எராஸ்மஸின் பள்ளியும் லீயின் வகுப்பும் நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளியில் இந்த ஒரு புள்ளியில் ஒத்துப்போகின்றன: இரண்டிலும் பெயர் தனியே நிற்கவில்லை.

தீராதவையும் பல. ஓராண்டில் எத்தனை கலைச்சொற்கள் போதும் என்பதற்கு உறுதியான விடை இல்லை. பத்தை ஆழமாகக் கற்பதையும் ஐம்பதை மேலோட்டமாகக் கற்பதையும் நீண்ட காலத்துக்கு ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வுகள் தேவை. பள்ளியில் கற்ற கலைச்சொல், பின்னாளில் ஒருவர் தானாகத் தேடிப் படிக்கும் வாசிப்பில் எஞ்சுகிறதா என்பது இன்னும் கடினமான கேள்வி. நான்கு வார ஆய்வுகளால் அதற்கு விடைகாண முடியாது. வெளிப்படையான கற்பித்தல் பின்தங்கியவரைத் தூக்கிவிடுகிறதா, முன்னேறியவரை மேலும் முன்தள்ளுகிறதா என்பதில் எல்லமன் குழுவின் முடிவும் மைஹில் குழுவின் முடிவும் வெவ்வேறு பக்கம் சாய்கின்றன. ஒன்று சொற்பொருள் பற்றியது, மற்றொன்று இலக்கணக் கலைச்சொல் பற்றியது என்பதால் வேறுபாடு பொருளில் இருக்கலாம். கற்பித்த முறையிலும் இருக்கலாம்.

இருமொழி மாணவர்கள் பற்றிய இடைவெளி தமிழ் வாசகருக்கு மிக நெருக்கமானது. தமிழ் அணியிலக்கணம் நன்கு தெரிந்த பதின்ம வயதினர் ஆங்கிலக் கவிதையைக் கூடுதல் தெளிவோடு வாசிக்கிறார்களா என்பதை அமெரிக்க ஆய்வுகளிலிருந்து பெற முடியாது. இரு மொழி ஆசிரியர்களும் ஒரே கவிதைக் கூறை ஒரே வாரத்தில் எடுத்து, மாணவர்களின் விடைகளை ஒப்பிட்டால் அதற்கான முதல் தரவு கிடைக்கும். பாடத்திட்டத்தை மாற்றாமலே ஒரு பள்ளி அளவில் செய்துபார்க்கக்கூடிய வேலை அது. அத்தகைய தரவு சேரும்வரை, அணியின் பெயரை மட்டும் கேட்கும் வினாவுக்கு இப்போது உள்ள இடத்தை நியாயப்படுத்தக் கிடைத்திருக்கும் சான்று போதாது என்ற அளவில் நிற்பதே பொருத்தம்.